இன்மையின் இனங்கள்: தரவுத்தள இன்மைக்குறியும் தரவின நிரல்மொழிகளும் – சங்கப் பாடல் தரவுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தரவுத்தளங்களில் மதிப்பு இடம்பெறாத புலத்தைச் சுட்ட ஒரே ஒரு குறி வழங்குகிறது. அறியப்பெறாமை, பொருந்தாமை, உண்மையான இன்மை, சிதைவு ஆகிய வெவ்வேறு நிலைகளை அக்குறி ஒன்றாக்கிவிடுகிறது. இதனால் சங்கப் பாடல் தரவுகளில் நேரும் கணக்குப் பிழைகளை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. தரவின வரையறையுடைய நிரல்மொழிகள் அக்குறியை எதிர்கொள்ளும் முறைகளை ஒப்பிடுகிறது. இன்மையின் காரணத்தையும் தரவாகப் பதிந்து, அதனைத் தரவினமாக வரையறுப்பதே இலக்கியத் தரவுகளுக்கு ஏற்ற முறை என நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: இன்மைக்குறி, தரவினம், மும்மதிப்பு ஏரணம், கூட்டுத் தரவினம், சங்க இலக்கியத் தரவுத்தளம்.

முன்னுரை

சங்கப் பாடல்களைக் கணினித் தரவுகளாக அமைப்போர் முதலில் ஓர் அட்டவணையை வகுக்கின்றனர். பாடல் எண், நூல், புலவர், திணை, துறை, பாடப்பட்டோர், அடியளவு எனப் புலங்கள் அமைகின்றன. எல்லாப் பாடல்களுக்கும் எல்லாப் புலங்களையும் நிரப்ப இயல்வதில்லை. நிரப்ப இயலாத புலம் வெறுமையாக விடப்படுகிறது. அவ்வெறுமையைத் தரவுத்தளம் ஒரு தனிக்குறியால் பதிகிறது. வினவல் மொழியாகிய எஸ்.கியூ.எல்.லில் அக்குறி 'நல்' எனப்படும். 'வெற்று மதிப்பு' என இதனைத் தமிழில் வழங்குவர். எனினும் எழுத்தே இல்லாத வெற்றுச்சரமும், பூச்சியமும் மதிப்புகளே. 'நல்' என்பதோ மதிப்பு இல்லாமையைக் காட்டும் குறியாகும். இவ்வேறுபாடு மயங்காதிருக்கும் பொருட்டு இக்கட்டுரையில் 'இன்மைக்குறி' என்னும் சொல் ஆளப்படுகிறது.

இக்குறியைக் கையாள்வது நிரலாளரின் சிக்கல் எனத் தமிழாய்வாளர் ஒதுக்கிவிட இயலாது. ஒரு புலம் ஏன் வெறுமையாக உள்ளது என்பது பதிப்பியல் சார்ந்த வினா. அதற்குரிய விடை நிரலில் இடம்பெறாதபோது, நிரல் தானே ஒரு விடையைக் கற்பித்துக்கொள்கிறது. அவ்விடை பிழையானது என்பது முடிவுகளைப் பார்த்த அளவில் புலப்படுவதில்லை.

ஒரு புலம், நான்கு இன்மைகள்

'பாடப்பட்டோர்' என்னும் ஒரு புலத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே சிக்கலின் தன்மை விளங்கும்.

முதலாவது, அகப்பாடல்கள். அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்பெறுவதில்லை என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. ஆதலால் குறுந்தொகைப் பாடலுக்குப் 'பாடப்பட்டோர் யார்?' என வினவுவதே பொருந்தாது. இங்குள்ளது பொருந்தாமை.

இரண்டாவது, புறநானூற்றில் எவரையும் முன்னிறுத்தாது பாடப்பட்டவை. கணியன் பூங்குன்றனாரின் 192ஆம் பாடல் பொதுவியல் திணையிலும் பொருண்மொழிக்காஞ்சித் துறையிலும் அமைந்தது. புறப்பாடலாதலின் வினா பொருந்தும். ஆயின் பாடப்பட்டோர் எவரும் இலர் என்பதே விடை. இங்குள்ளது உண்மையான இன்மை.

மூன்றாவது, பாடப்பட்டோர் ஒருவர் இருந்தும் அவர் இன்னார் எனத் தெரியாத பாடல்கள். இங்குள்ளது அறியப்பெறாமை.

நான்காவது, புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள். எண்கள் உள்ளன, பாடல்கள் கிடைக்கவில்லை. இங்குள்ளது சிதைவு. நற்றிணை 234, ஐங்குறுநூறு 129, 130 ஆகியனவும் இவ்வகையின. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் முழுமையாகக் கிடைக்கவில்லை.

இந்நான்கையும் தரவுத்தளம் ஒரே இன்மைக்குறியால் பதிகிறது. அச்சுப் பதிப்பைப் பயில்வோர் அடிக்குறிப்பாலும் புள்ளிக்கோட்டாலும் பதிப்பாசிரியர் உரையாலும் இவற்றை வேறுபடுத்தி உணர்வர். அட்டவணைக்கு மாறும்போது அவ்வேறுபாடு மறைகிறது.

இலக்கண மரபில் இன்மை

இன்மையை ஒன்றாகக் கொள்ளாத மரபு தமிழுக்குப் புதிதன்று. 'இல்லை' என்பது இருப்பை மறுப்பது. 'அன்று, அல்ல' என்பன தன்மையை மறுப்பன. 'பாடியவர் இலர்' என்பதும் 'பாடியவர் இவர் அல்லர்' என்பதும் வெவ்வேறு செய்திகள். 'பாடியவர் இன்னார் என அறியோம்' என்பது மூன்றாவது செய்தி.

வேற்றுமை இலக்கணம் இதனினும் நுட்பமான சான்றைத் தருகிறது. 'கண்ணன் வந்தான்' என்பதில் எழுவாய்க்கு உருபு கிடையாது. 'பால் குடித்தான்' என்பதில் இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கு நிற்கிறது. வடிவ நோக்கில் இரண்டிடத்தும் உருபு காணப்படவில்லை. முன்னதில் வேற்றுமைக்கே உருபு இல்லை. பின்னதில் உள்ள உருபு மறைந்துள்ளது, விரித்து மீட்கத்தக்கது. காணப்படாமை என்னும் ஒரே தோற்றத்திற்குப் பின் உள்ள காரணத்தை வேறுபடுத்தியதனாலேயே தொகை, விரி என்னும் கோட்பாடு உருவாயிற்று. தரவுத்தள வடிவமைப்பிலும் இத்தகைய வேறுபடுத்தலே தேவைப்படுகிறது.

உறவுத் தரவுத்தளத்தில் இன்மைக்குறி

உறவுநிலைத் தரவுத்தளக் கோட்பாட்டை ஐ.பி.எம். நிறுவன ஆய்வாளர் எட்கர் காட் 1970இல் வெளியிட்டார். 1979ஆம் ஆண்டுக் கட்டுரையில் இன்மைக்குறியையும் அதற்குரிய மும்மதிப்பு ஏரணத்தையும் விவாதித்தார். 1985இல் அவர் முன்வைத்த பன்னிரு விதிகளுள் மூன்றாவது, இன்மைக்குறியை முறையாகக் கையாள்வது பற்றியது. பின்னர் ஒரே குறி போதாது எனக் கண்டு, பொருந்தும் ஆயினும் அறியப்பெறாதது, பொருந்தாதது என இருவேறு குறிகளைப் பரிந்துரைத்தார். அப்பரிந்துரை எஸ்.கியூ.எல். தரநிலையில் இடம்பெறவில்லை. ஒரு குறியே நிலைத்தது.

எஸ்.கியூ.எல்.லில் ஒரு மதிப்பை இன்மைக்குறியோடு ஒப்பிட்டால் 'மெய்' என்றோ 'பொய்' என்றோ விடை வருவதில்லை. 'அறியப்படாதது' என்னும் மூன்றாம் மதிப்பு வருகிறது. இன்மைக்குறியை இன்மைக்குறியோடு ஒப்பிட்டாலும் அதுவே விடை. வினவலின் நிபந்தனைப் பகுதி மெய்யான பதிவுகளை மட்டுமே தெரிந்தெடுக்கும். அறியப்படாதவை பொய்யானவற்றோடு சேர்த்து விலக்கப்படும்.

இதன் விளைவைச் சங்க இலக்கியத்திற்கு வழக்கமாகக் கூறப்படும் எண்ணிக்கையைக் கொண்டே காட்டலாம். மொத்தப் பாடல்கள் 2381. கபிலர் பாடியன 235. ஆசிரியர் பெயர் அறியப்பெறாதன 102. 'புலவர் கபிலர்' என வினவினால் 235 பதிவுகள் கிடைக்கும். 'புலவர் கபிலர் அல்லர்' என வினவினால் 2146 பதிவுகளை ஆய்வாளர் எதிர்பார்ப்பார். கிடைப்பனவோ 2044. இரண்டு விடைகளையும் கூட்டினால் 2279 மட்டுமே வரும். பெயர் அறியப்பெறாத 102 பாடல்கள் கபிலர் பாடியன என்பதிலும் இல்லை. கபிலர் பாடாதன என்பதிலும் இல்லை. ஏரண நோக்கில் தரவுத்தளம் பிழை செய்யவில்லை. அப்பாடல்களைக் கபிலர் பாடவில்லை என உறுதியாகக் கூற இயலாது என்பது உண்மையே. எனினும் வினவியவர்க்கு எந்த எச்சரிக்கையும் இன்றி அவை நீங்கிவிடுகின்றன.

வேறு இடங்களில் இதே குறி வேறு வகையில் நடத்தப்படுகிறது. புலவர் வாரியாகத் தொகுக்கும்போது, தம்முள் சமமல்லாத இன்மைக்குறிகள் அனைத்தும் ஒரே குழுவாகச் சேர்க்கப்படுகின்றன. 'அடியளவு பூச்சியத்தினும் மிகுதியாக இருத்தல் வேண்டும்' என அட்டவணையில் கட்டுப்பாடு விதித்தால், இன்மைக்குறி அதனைக் கடந்து உள்ளே நுழைகிறது. ஏனெனில் கட்டுப்பாடு பொய்யானவற்றை மட்டுமே தடுக்கும். சராசரி காணும் செயற்கூறு இன்மைக்குறியுடைய பதிவுகளைக் கணக்கிலேயே கொள்வதில்லை.

இன்மைக்குறியைத் தவிர்க்கும் நோக்கில் 'பெயர் தெரியவில்லை' என்னும் சொற்றொடரையே புலவர் புலத்தில் இடுவோரும் உளர். அவ்வாறு செய்யின் அட்டவணையில் 102 பாடல்களைப் பாடிய கற்பனைப் புலவர் ஒருவர் தோன்றிவிடுவார். பரணர் பெயரில் வழங்கும் பாடல்களைவிட அவருடைய பாடல்கள் மிகுதியாக இருக்கும். சொல்லாட்சி கொண்டு ஆசிரியரை ஒப்பிடும் நடையியல் ஆய்வில் பல புலவர்களின் மொழி ஒருவர் மொழியாகக் கலந்துவிடும்.

பழந்தொகுப்பாளர் இச்சிக்கலை வேறொரு வகையில் எதிர்கொண்டனர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவர், தேய்புரிப் பழங்கயிற்றினார் எனப் பாடலின் தொடரையே புலவர்க்குப் பெயராக்கினர். ஒவ்வொரு பாடலுக்கும் தனிப்பெயர் அமைந்ததால் இப்புலவர்கள் தம்முள் கலக்கவில்லை. அப்பெயர் இயற்பெயரன்று என்பதும் பெயரின் அமைப்பாலேயே விளங்கிற்று. தரவுத்தளத்தில் இவர்தம் பெயரைச் சரமாக மட்டும் பதிந்தால் இரண்டாவது செய்தி இழக்கப்படும்.

நிரல்மொழியின் எல்லையில்

தரவுத்தளத்திலிருந்து நிரலுக்குள் தரவு நுழையும் இடத்தில் மற்றொரு சிக்கல் எழுகிறது. தரவின வரையறையுடைய நிரல்மொழியில் ஒவ்வொரு மாறிக்கும் தரவினம் உண்டு. முழு எண் எனப்பட்ட மாறி முழு எண்ணை மட்டுமே ஏற்கும். தரவுத்தளத்தின் முழு எண் புலமோ, தடை விதிக்கப்படாவிடில், முழு எண்ணையோ இன்மைக்குறியையோ கொண்டிருக்கலாம். பெயரால் ஒன்றாகத் தோன்றினும் இவை இருவேறு தரவினங்கள்.

இவ்விடைவெளியை மொழிகள் வெவ்வேறு வகையில் நிரப்பின. ஜாவா மொழியின் தரவுத்தள இணைப்பு நூலகமாகிய ஜே.டி.பி.சி.யில் முழு எண்ணைப் பெறும் செயற்கூறு, இன்மைக்குறியைக் கண்டால் பூச்சியத்தைத் தரும். பெறப்பட்டது உண்மையான பூச்சியமா என்பதை அறிய மற்றொரு செயற்கூற்றைத் தனியே அழைத்தல் வேண்டும். அதனை அழைக்க மறந்தால் பிழைச்செய்தி எதுவும் வாராது. பதிற்றுப்பத்தின் நூறு பாடல்களுக்கும் பதிவு அமைத்து, கிடைக்காத 20 பாடல்களின் அடியளவை இன்மைக்குறியாக விட்டதாகக் கொள்வோம். தரவுத்தளத்திலேயே சராசரி கண்டால் 80 பாடல்களால் வகுத்த விடை வரும். மேற்கண்ட முறையில் நிரலுக்குள் கொணர்ந்து கண்டால் கிடைக்காத பாடல்கள் பூச்சிய அடியின எனக் கொள்ளப்பட்டு, 100ஆல் வகுக்கப்படும். இரண்டாம் விடை முதல் விடையில் ஐந்தில் நான்கு பங்கே இருக்கும். தரவு ஒன்றே, இன்மைக்குறியின் பொருள் எல்லையில் மாறியதே வேறுபாட்டுக்குக் காரணம்.

டாட்நெட் தளம் வேறு வழியைக் கொண்டது. தரவுத்தள இன்மைக்குறிக்கு எனத் தனிப்பொருள் ஒன்றை அமைத்தது. நினைவகத்தில் எப்பொருளையும் சுட்டாத வெற்றுச்சுட்டியிலிருந்து இது வேறானது. அதனை நேரே முழு எண்ணாக மாற்ற முயன்றால் நிரல் இயங்கும்போது பிழையுடன் நின்றுவிடும். கோ மொழியிலும் சர மாறியில் இன்மைக்குறியை ஏற்க முயன்றால் பிழை தெரிவிக்கப்படும். மதிப்பையும் 'மதிப்பு உண்டா' என்னும் குறிப்பையும் இணைத்துத் தாங்கும் தனிக்கட்டமைப்பை அம்மொழியின் நூலகம் வழங்குகிறது. பிழையைத் தெரிவித்து நிற்கும் நிரல், பூச்சியத்தைத் தந்து தொடரும் நிரலைவிட ஆய்வுக்கு நம்பகமானது.

வெற்றுச்சுட்டியும் தரவுத்தள இன்மைக்குறியும் ஒன்றல்ல என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. வெற்றுச்சுட்டியை டோனி ஹோர் 1965இல் ஆல்கால் டபிள்யூ மொழியில் அறிமுகப்படுத்தினார். செயற்படுத்த எளிது என்பதனால் சேர்க்கப்பட்ட அதனை, நூறு கோடி டாலர் இழப்பை விளைவித்த தவறு என அவரே 2009இல் குறிப்பிட்டார். ஜாவா, சி ஷார்ப் போன்ற மொழிகளில் இரு வெற்றுச்சுட்டிகளை ஒப்பிட்டால் 'மெய்' என விடை வரும். எஸ்.கியூ.எல்.லில் இரு இன்மைக்குறிகளை ஒப்பிட்டால் அவ்விடை வாராது. ஆதலால் பெயர் அறியப்பெறாத இரு பாடல்களின் புலவர் ஒருவரே எனத் தரவுத்தளம் கூறாததை, நிரல் கூறிவிடக்கூடும்.

இன்மையைத் தரவினமாக்கல்

'மதிப்பு இருக்கலாம், இல்லாதிருக்கலாம்' என்பதனைத் தரவினத்திலேயே வெளிப்படுத்தும் முறை எம்.எல்., ஹாஸ்கெல் ஆகிய சார்புநிலை மொழிகளில் வளர்ந்தது. பின்னர் பிற மொழிகளிலும் பரவியது. சி ஷார்ப் மொழியில் 2005இலும், ஜாவாவில் 2014இலும் இதற்கான தரவினங்கள் சேர்க்கப்பட்டன. ரஸ்ட், கோட்லின் ஆகியவற்றில் இது தொடக்கத்திலேயே இடம்பெற்றது. சி ஷார்ப் 2019இல் சுட்டுத் தரவினங்களுக்கும் இவ்வேறுபாட்டை விரிவாக்கியது. ரஸ்ட், ஹாஸ்கெல் போன்றவற்றில் இல்லாமை நேரக்கூடிய மதிப்பை இயல்பான மதிப்பாகப் பயன்படுத்த முயன்றால் நிரல்பெயர்ப்பி தடுக்கும். பிழை, ஆய்வு முடிவில் கரவாமல் நிரல் எழுதும் நிலையிலேயே வெளிப்படும்.

இம்முறை பெரும்பயன் உடையதெனினும் ஒரு குறை எஞ்சுகிறது. 'உண்டு', 'இல்லை' என்னும் இரண்டையே அது அறியும். 192ஆம் புறப்பாட்டின் இல்லாமையும் 267ஆம் புறப்பாட்டின் இல்லாமையும் அதற்கு ஒன்றே. தரவுத்தளம் கலந்ததை இத்தரவினம் பிரிப்பதில்லை. கலவையைப் பாதுகாப்பாகக் கொண்டுசெல்கிறது.

பல வடிவங்களுள் ஒன்றை மட்டும் ஏற்கும் கூட்டுத் தரவினம் இக்குறையை நீக்கும். பாடப்பட்டோர் என்னும் தரவினத்தை ஐந்து வடிவங்களாக வரையறுக்கலாம்: பெயர் அறியப்பட்டவர், பெயர் அறியப்பெறாதவர், எவரும் இலர், வினா பொருந்தாது, பாடல் கிடைக்கவில்லை. முதல் வடிவம் மட்டுமே பெயர்ச்சரத்தைத் தாங்கும். புலவர் புலத்திற்கு இயற்பெயர், தொடராற் பெற்ற பெயர், அறியப்பெறாதது, கிடைக்கவில்லை என நான்கு வடிவங்கள் அமையும். ரஸ்ட், ஹாஸ்கெல், கோட்லின், எஃப் ஷார்ப் முதலிய மொழிகளில் இவ்வாறு வரையறுத்த மதிப்பைப் பயன்படுத்துமிடத்து, வடிவங்களுள் ஒன்று கருதப்படாது விடுபட்டால் நிரல்பெயர்ப்பி அதனைச் சுட்டிக்காட்டும். சராசரி காணும் நிரலை எழுதுபவர், கிடைக்காத பாடல்களை என்ன செய்வது என முடிவெடுத்தே ஆகவேண்டும்.

தரவுத்தளத்தில் இதற்கு இணையாக ஒவ்வொரு முதன்மைப் புலத்தோடும் 'இன்மைக் காரணம்' என்னும் துணைப்புலம் சேர்க்கப்பெறல் வேண்டும். மதிப்பு இருந்தால் காரணம் வெறுமையாகவும், மதிப்பு இல்லையேல் காரணம் நிரம்பியும் இருத்தல் வேண்டும் என்பதை அட்டவணைக் கட்டுப்பாடாக விதிக்கலாம். அக்கட்டுப்பாட்டை 'இன்மைக்குறியா' என நேரே வினவும் வடிவில் எழுதுதல் வேண்டும்; ஒப்பீட்டு வடிவில் எழுதினால் மேற்கூறியவாறு இன்மைக்குறி அதனைக் கடந்துவிடும். இவ்விரு புலங்களையும் படித்துக் கூட்டுத் தரவினமாக மாற்றும் பணி நிரலின் ஒரே இடத்தில் நிகழ்தல் நன்று. உரைகளைக் குறியிட உலகளவில் வழங்கும் டி.இ.ஐ. நெறிமுறைகளும், விடுபட்ட பகுதியைக் குறிக்குமிடத்து அதன் காரணத்தைப் பதிய இடமளிக்கின்றன.

வரம்புகள்

தரவினத்தின் உறுதி, தரவுத்தளத்தைப் பற்றி அது கொண்டுள்ள கருத்து மெய்யாக இருக்கும்வரையே நிற்கும். இன்மைக்குறிக்குத் தடை விதித்த புலங்களிலும், இரண்டு அட்டவணைகளை வெளியிணைப்பால் சேர்க்கும்போது இன்மைக்குறி தோன்றும். பாடல் அட்டவணையோடு புலவர் அட்டவணையை அவ்வாறு இணைத்தால், பெயர் அறியப்பெறாத பாடல்களுக்கு நேரே புலவரின் ஊர், பெயர் முதலிய அனைத்தும் இன்மைக்குறியாக வரும். இவ்வின்மை ஏட்டிலும் இல்லை, அட்டவணையிலும் இல்லை, வினவலால் பிறந்தது. ஆதலால் தரவினம் அட்டவணையைப் பார்த்து வரையப்படுவதோடு வினவலின் விடையையும் பார்த்து வரையப்படுதல் வேண்டும்.

கருத்து வேறுபாடு இன்மையாகாது என்பதும் கருதத்தக்கது. நெடுநல்வாடை அகமா புறமா என்பது விவாதத்திற்குரியது. இத்தகைய இடங்களில் திணைப்பிரிவை வெறுமையாக விடுவது, சான்று இல்லை என்னும் பொருளைத் தந்துவிடும். உண்மையில் இங்குச் சான்றுகள் மிகுதி. ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகளை, கூறியவர் பெயருடன் ஏற்கும் தனி அட்டவணையே இதற்குப் பொருந்தும்.

முடிவுரை

இன்மைக்குறி ஒன்று, அது சுட்டும் இன்மைகள் பல. ஒப்பீட்டில் 102 பாடல்கள் கணக்கினின்று நீங்குவதும், கிடைக்காத 20 பாடல்கள் அடியில்லாப் பாடல்களாகக் கொள்ளப்படுவதும் இம்மயக்கத்தின் விளைவுகள். தரவின நிரல்மொழிகள் 'மதிப்பு இல்லாதிருக்கலாம்' என்பதை மறவாதிருக்கச் செய்கின்றன. ஏன் இல்லை என்பதை அவை தாமாக அறிந்துகொள்ள இயலாது. அதனை அறிந்தவர் ஏட்டையும் பதிப்பையும் பயின்ற தமிழாய்வாளரே. எனவே அட்டவணை வகுக்கும் நிலையிலேயே ஒவ்வொரு புலத்துக்கும் நேரக்கூடிய இன்மைகளை வகைப்படுத்திப் பெயரிடுதல் அவர் பணியாகிறது. அப்பெயர்களைத் தரவினமாக்கிக் காப்பது நிரலாளர் பணி. இவ்விரு பணிகளும் இணைந்து நிகழாத தரவுத்தளத்திலிருந்து பெறப்படும் எண்ணிக்கைகளை மேற்கோளாகக் கொள்ளுமுன், வெறுமையான புலங்கள் எவ்வாறு எண்ணப்பட்டன என்பதை ஆய்வாளர் வினவுதல் இன்றியமையாதது.